மதுரைக்கு டவுன் பஸ் தடம் போடுவது எப்படி: லேப்டாப்பில் பாதி, வெயிலில் பாதி

மதுரையின் டவுன் பஸ் தடங்களை எல்லாம் ஒரே வரைபடத்தில் கோடாகப் போட்டுப் பாருங்கள், ஊர் முழுக்கப் பஸ் ஓடுவது போலத்தான் தெரியும். சமயநல்லூருக்குக் கோடு இருக்கும், அவனியாபுரத்துக்கு இருக்கும், அழகர்கோவிலுக்கும் இருக்கும். ஸ்டாப்பில் போய் நின்றால்தான் இருப்பது கோடு மட்டும், வண்டி வர இன்னும் 40 நிமிஷம் ஆகும் என்பது புரியும். தடம் போடுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்: கோட்டைப் பஸ் என்று நினைத்துவிடுகிறார்கள். மணிக்கு எத்தனை நடை, அதாவது வண்டி எத்தனை முறை ஓடுகிறது என்பதுதான் பஸ்.

இந்தக் கணக்கைப் புவித் தகவல் அமைப்பில், அதாவது ஜி.ஐ.எஸ்ஸில், எப்படிப் போடுவது என்று சொல்கிறேன். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடத்தின் சாலைத் தரவு, ஒரு போன், இரண்டு மூன்று வாரம் அலைய மனசு, இவ்வளவு போதும். கல்லூரி புராஜெக்டுக்கோ, உங்கள் ஏரியாவுக்குப் பஸ் கேட்டு மனு கொடுக்கவோ, சும்மா ஆர்வத்துக்கோ, எதற்காக இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

முதலில் பஸ்ஸில் ஏறுங்கள்

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் ஸ்டாப்புகளைச் சேகரிக்க வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நம் ஊர் சாலைகள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் பஸ் ஸ்டாப்புகளை நம்ப முடியாது. பல இடங்களில் சாலையின் ஒரு பக்கம் மட்டும் புள்ளி வைத்திருப்பார்கள், சிலவற்றுக்குப் பெயரே இருக்காது. நான் செய்தது, போனில் ஜி.பி.எஸ். பதிவை ஓடவிட்டு, ஜன்னல் ஓர சீட்டில் உட்கார்ந்து, வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி வைத்தேன். போர்டு இருக்கும் இடம் வேறு, வண்டி உண்மையில் நிற்கும் இடம் வேறு. சித்திரை வெயிலில் எந்தப் போர்டுக்கும் கீழே ஆள் நிற்பதில்லை, அம்பது அடி தள்ளி வேப்பமரத்து நிழலில்தான் கூட்டம், டிரைவரும் அங்கேதான் நிறுத்துவார். மரத்தைக் குறியுங்கள், போர்டை விட்டுவிடுங்கள்.

ஸ்டாப்பும் ஸ்டேஜும் ஒன்றில்லை என்பதையும் இப்போதே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஜ் என்பது கட்டணத்துக்கான எல்லை, இரண்டு ஸ்டேஜுக்கு நடுவில் இரண்டு மூன்று ஸ்டாப் இருக்கலாம். டிக்கெட் கணக்கு உங்கள் கைக்கு வந்தால் அது ஸ்டேஜ் வாரியாகத்தான் வரும். அதை அப்படியே ஸ்டாப்பின் மேல் ஒட்டினால், ஆளே ஏறாத ஸ்டாப்பில் நூறு பேர் ஏறியது போல வரைபடம் காட்டும்.

2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் கட்டணமில்லா டிக்கெட் கொடுக்கத்தான் செய்கிறார்கள். திட்டமிடுகிறவருக்கு இது பெரிய உதவி, காசு வாங்காத பயணமும் எண்ணிக்கையில் இருக்கிறது. இந்தக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். நான் ஒரு அலுவலகத்தில் தடவாரியாக நடைகளின் எண்ணிக்கை கேட்டேன், எக்செல் வரும் என்று காத்திருந்தால் மங்கலான நகல் தாள் வந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பெரிய ஸ்டாப்பில் நின்று எண்ணலாம். காலை 8 முதல் 9:30, மதியம் 1 மணி வாக்கில், மாலை 5:30 முதல் 7, மூன்று வேளையும் எண்ணுங்கள். மதியத்தை விட்டுவிடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் போனவர்கள் திரும்புவது அப்போதுதான்.

ஓடும் நேரத்தையும் இதே மூன்று வேளையில் எடுக்க வேண்டும். ஒரு கண்டக்டரிடம் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "எந்தப் பெரியார், எந்த மாட்டுத்தாவணி தம்பி? காலைல ஆறு மணிக்கா, ஒம்பது மணிக்கா? கோரிப்பாளையம் தாண்டுனாத்தான் நமக்கே தெரியும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி, ஒரு தடத்துக்கு ஒரே நேரம் என்று எழுதவே கூடாது. பாலம் வேலையோ, சாலை தோண்டும் வேலையோ நடக்கும்போது எடுத்த நேரமென்றால் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். வேலை முடிந்ததும் அந்த எண் பொய்யாகிவிடும்.

ஆள் எங்கே இருக்கிறார்கள்

கியூஜிஐஎஸ்ஸில் புது புராஜெக்டைத் திறந்ததும் ஆயத்தொலை அமைப்பை (இடங்களை எண்ணால் குறிக்கும் முறை) யூ.டி.எம். மண்டலம் 44 வடக்கு என்று மாற்றுங்கள், மென்பொருளில் அதன் எண் 32644. யூ.டி.எம். என்பது பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை. இல்லாவிட்டால் தூரமெல்லாம் மீட்டரில் வராமல் டிகிரியில் வரும், 400 மீட்டர் என்று நினைத்து "400" கொடுத்தால் பூமியையே ஒரு சுற்றுச் சுற்றி வரும். நம் ஊருக்கு இதில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. 43ஆம் மண்டலமும் 44ஆம் மண்டலமும் பிரியும் கோடு 78 டிகிரி கிழக்கு, மதுரை நகரம் அதற்குக் கொஞ்சம் கிழக்கே இருக்கிறது, உசிலம்பட்டி மேற்கே போய்விடுகிறது. பயப்பட வேண்டாம், எல்லாவற்றையும் 44இலேயே வையுங்கள், இந்தத் தூரத்துக்கு வரும் பிழை பஸ் வேலைக்கு ஒரு பொருட்டில்லை. இரண்டு மண்டலத்தைக் கலந்தால்தான் வம்பு.

அடுத்து மக்கள்தொகை. 2011 கணக்கெடுப்பில் மதுரை மாநகராட்சிக்கு 10.17 லட்சம், சுற்றுப்புறத்தையும் சேர்த்த நகரத் தொகுதிக்கு 14.65 லட்சம். அதே 2011இல்தான் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்து, பரப்பு ஏறக்குறைய 52 சதுர கி.மீட்டரிலிருந்து 148 ஆனது. அதனால் கணக்கெடுப்பின் வார்டு எண்ணும் இன்றைய வார்டு எண்ணும் ஒன்றல்ல. எண்ணைப் பார்த்து இணைத்தால், விளாங்குடி ஆட்கள் வில்லாபுரத்தில் குடியிருப்பார்கள். எல்லைக் கோட்டைக் கண்ணால் பார்த்துத்தான் பொருத்த வேண்டும்.

வார்டு எண்ணிக்கையை அப்படியே பரப்பினாலும் சிக்கல்தான். வண்டியூர் கண்மாய், செல்லூர் கண்மாய், மாடக்குளம் கண்மாய், திருப்பரங்குன்றம் மலை, இவற்றின் மேலெல்லாம் மென்பொருள் ஆட்களைக் குடியமர்த்திவிடும். கண்மாய், ஆறு, மலை, ரயில்வே இடம் எல்லாவற்றையும் முதலில் வெட்டி எடுங்கள். அப்புறம் கூகுள் ஓப்பன் பில்டிங்ஸ் தரவில் கட்டட வடிவங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, வார்டின் மக்கள்தொகையைக் கட்டடப் பரப்பு வாரியாகப் பிரித்துப் போடுங்கள். குடோனும் கல்யாண மண்டபமும் அதில் வீடாகத் தெரியும், பெரிதாக இருப்பதைக் கையால் நீக்கலாம். நூற்றுக்கு நூறு சரியாக வராது, ஆனால் ஆனையூர்ப் பக்கமும் திருப்பாலைப் பக்கமும் 2011க்குப் பிறகு எழுந்த வீடுகளாவது கணக்கில் வரும்.

வீட்டை மட்டும் குறித்தால் பாதிதான் வேலை முடிந்தது. போகும் இடங்களுக்குத் தனி லேயர், அதாவது வரைபடத்தில் தனி அடுக்கு, வேண்டும்: அரசு ராஜாஜி மருத்துவமனை, கலெக்டர் ஆபீஸ், 2004இலிருந்து இயங்கும் ஐகோர்ட் கிளை, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், விளக்குத்தூண் ஜவுளிக் கடைகள், காமராஜர் பல்கலைக்கழகம், கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை, புது நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூலகம். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் வரும் நேரத்தையும் எழுதுங்கள். பூ மார்க்கெட்டுக்குப் போகிற அக்காவுக்கு விடிவதற்கு முன்னால் பஸ் வேண்டும், 9 மணிக்கு எத்தனை வண்டி விட்டாலும் அவருக்குப் பிரயோஜனம் இல்லை.

வட்டம் போடாதீர்கள்

ஸ்டாப்பைச் சுற்றி 400 மீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் இருப்பவர்களுக்கெல்லாம் பஸ் வசதி உண்டு என்று அறிக்கை எழுதுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. நிமிஷத்துக்கு 80 மீட்டர் என்று நடந்தால் 5 நிமிஷ தூரம், அந்தக் கணக்கில் தப்பில்லை. வட்டம்தான் தப்பு. ஆரப்பாளையத்தில் ஆற்றோரமாக ஒரு ஸ்டாப்பில் வட்டம் போட்டால் அது வைகையைத் தாண்டி எதிர்க்கரை வீடுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும், அந்த வீட்டுக்காரர் பாலம் சுற்றி வர எத்தனை நிமிஷம் ஆகும் என்பது வட்டத்துக்குத் தெரியாது. ரயில் தண்டவாளத்துக்கு மேற்கும் கிழக்கும் இதே கதைதான்.

அதற்குப் பதில் கியூஜிஐஎஸ்ஸில் நெட்வொர்க் அனாலிசிஸ் பகுதியில் உள்ள சர்வீஸ் ஏரியா கருவியை எடுங்கள். சாலை வலைப்பின்னல் வழியாகவே 400 மீட்டர் நடந்து பார்த்துச் சொல்லும். விடை கோடுகளாக வரும், அவற்றைச் சுற்றி ஒரு 40, 50 மீட்டர் பட்டை போட்டால் பரப்பு கிடைத்துவிடும். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, தெருக்கள் முனையில் சரியாக ஒட்டாமல் இருந்தால் கருவி அங்கேயே நின்றுவிடும், ஒரு மீட்டர் அளவுக்குச் சகிப்பு எல்லை கொடுங்கள், அந்த இடைவெளி வரை ஒட்டியதாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, நடந்து போவதற்கான சாலை லேயரிலிருந்து மேம்பாலங்களை நீக்கிவிடுங்கள். 2023இல் திறந்த நத்தம் ரோடு பறக்கும் சாலை 7.3 கி.மீ. நீளம், அதை விட்டுவைத்தால் உங்கள் வரைபடத்தில் ஜனங்கள் தலைக்கு மேல் நடந்து போவார்கள். தடம் வரையும்போதும் இதே எச்சரிக்கை, பாலத்தின் மேல் ஏறிய பஸ் கீழே உள்ள ஸ்டாப்புகளுக்கு இல்லாத பஸ்.

ஆறு வண்டி கணக்கு

இதுதான் முக்கியமான இடம், மெதுவாகப் படியுங்கள். ஒரு தடத்துக்கு எத்தனை வண்டி வேண்டும் என்பது எளிய வகுத்தல்: போய்த் திரும்பும் மொத்த நேரத்தை, இரண்டு முனையிலும் நிற்கும் நேரத்தையும் சேர்த்து, ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் உள்ள இடைவெளியால் வகுக்க வேண்டும். போக 50 நிமிஷம், வர 50, முனைக்கு 10 வீதம் 20, ஆக 120 நிமிஷம். உங்களிடம் 6 வண்டி இருந்தால் 20 நிமிஷத்துக்கு ஒன்று. நல்ல பஸ். சராசரியாகக் காத்திருப்பது 10 நிமிஷம்.

இப்போது பேச்சுக்கு, தடத்தின் கடைசியில் மூன்று கிராமம் இருக்கிறது, மூன்று ஊர்க்காரர்களும் எங்கள் ஊருக்குள் வந்து திரும்ப வேண்டும் என்கிறார்கள். நியாயம்தான். 6 வண்டியை மூன்றாகப் பிரித்து ஊருக்கு இரண்டு விடுகிறோம். ஒவ்வொரு ஊருக்கும் இப்போது மணிக்கு ஒன்று. ஊர்க்காரர் சந்தோஷமாக மாலை போட்டு வண்டியை வரவேற்பார், இரண்டு வாரத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுவார், ஏனென்றால் ஒரு நடையைத் தவறவிட்டால் ஒரு மணி நேரம் போச்சு. பஸ்ஸில் கூட்டமில்லை என்று அடுத்து ஒரு நடையைக் குறைப்பார்கள். மூன்று ஊரும் பிரதான சாலையிலிருந்து 600, 700 மீட்டருக்குள் இருந்தால், 6 வண்டியையும் நேர் சாலையில் விட்டு, ஊர் விலக்கில் நிழற்குடையும் விளக்கும் போடுவது எவ்வளவோ மேல். இரண்டு கி.மீ. உள்ளே என்றால் கதை வேறு, அங்கே மினி பஸ்தான் சரி, அதையும் பெரிய பஸ் வரும் நேரத்துக்கு இணைத்து விட வேண்டும்.

அதனால் உங்கள் வரைபடத்தில் தட எண்ணுக்கு ஒரு நிறம் என்று போடாதீர்கள். சாலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் மணிக்கு எத்தனை நடை என்று கூட்டி, அந்த எண்ணைக் கோட்டின் தடிமனாகக் கொடுங்கள். கியூஜிஐஎஸ்ஸில் கோட்டின் அகலத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தினால் தரவு அட்டவணையில் உள்ள ஒரு பத்தியின் மதிப்பை அகலமாக எடுத்துக்கொள்ளும். 15 நிமிஷத்துக்குள் வண்டி வரும் துண்டுகளுக்கு அழுத்தமான நிறம், 30 வரை இளம் நிறம், அதற்கு மேல் வெறும் புள்ளிக்கோடு. முதல் பத்தியில் சொன்ன அந்த நிறைந்த வரைபடம் இப்போது பாதிக்கு மேல் புள்ளிக்கோடாக மாறிவிடலாம். உங்கள் வேலை தொடங்குவது இங்கேதான்.

கூட்டும்போது ஒரு ஏமாற்று இருக்கிறது. நான்கு தடங்கள் ஒரே சாலையில் மணிக்கு ஒவ்வொன்றாக ஓடினால் கூட்டல் 4, இடைவெளி 15 நிமிஷம் என்று தோன்றும். நான்கும் 8:05க்கும் 8:15க்கும் நடுவில் வரிசையாக வந்துவிட்டு, அப்புறம் 50 நிமிஷம் ஈ ஓட்டினால் அது 15 நிமிஷ பஸ் இல்லை. நேரப் பட்டியலைப் பார்த்து உண்மையான பெரிய இடைவெளியை எழுதுங்கள். பல இடங்களில் ஒரு பைசா செலவில்லாமல், புறப்படும் நேரத்தை மட்டும் மாற்றிவைத்தே இதைச் சரிசெய்துவிடலாம்.

எல்லாக் கோடும் ஏன் பெரியாருக்கே போகிறது

தடிமன் வரைபடத்தைத் தூர நின்று பாருங்கள், சக்கரத்தின் ஆரக்கால் போல எல்லாம் பெரியாரில் போய்ச் சேரும், அடுத்தபடி மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம், அண்ணா பஸ் ஸ்டாண்டுகளில். ஊரின் அமைப்பே அப்படி: நடுவில் கோயில், சுற்றிலும் ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள். உள்வீதிகளுக்குள் பெரிய பஸ் போக முடியாது, வெளி வீதியோடு நின்றுவிட வேண்டியதுதான், அதையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பழங்காநத்தத்திலிருந்து அண்ணா நகர் போகிறவரும் பெரியாரில் இறங்கி ஏற வேண்டியிருந்தால் அது ஊரின் குற்றமில்லை, வரைந்தவர் குற்றம்.

இதற்கு இரண்டு வழி. முதல் வழி, இரண்டு தடத்தை முனையில் சேர்த்துத் தைப்பது. தெற்கிலிருந்து பெரியார் வரை ஒரு தடம், பெரியாரிலிருந்து வடக்கே ஒரு தடம், இரண்டும் தலா போக 35, வர 35, முனைக்கு 10 என்றால் சுற்றுக்கு 90 நிமிஷம். 15 நிமிஷ இடைவெளிக்கு 6 வீதம் 12 வண்டி. இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் 70, 70, வெளி முனைகளில் 20, பெரியாரில் நின்று கிளம்ப இரண்டு பக்கமும் சேர்த்து 5, ஆக 165 நிமிஷம், 11 வண்டி. ஒரு வண்டி மிச்சம், நடு ஊரில் வண்டிகள் ஓய்வெடுக்கும் இடமும் மிச்சம். சில வண்டிகள் இப்போதே அப்படி ஊடே ஓடுகின்றன. இதற்கு விலையும் உண்டு: தெற்கே ரயில்வே கேட்டில் மாட்டிய தாமதம் வடக்கே கடைசி ஸ்டாப் வரை போகும். அதனால் இரண்டு நீளமான, நெரிசலான தடங்களைத் தைக்காதீர்கள், குட்டை ஒன்று நெட்டை ஒன்று என்று ஜோடி சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது வழி, நடுவைத் தொடாத குறுக்குத் தடம். இதில் பலரும் ரிங் ரோட்டைத்தான் பார்ப்பார்கள், உத்தங்குடியிலிருந்து விரகனூர் வழியாகக் கப்பலூர் வரை அகலமாக, வேகமாகப் போகலாமே என்று. வேகமாகப் போகலாம்தான், ஏற ஆள் வேண்டாமா? உங்கள் மக்கள்தொகை லேயரை அதன் மேல் வைத்துப் பாருங்கள், பெரும்பகுதிக்கு இரண்டு பக்கமும் வெற்றிடம். குறுக்குத் தடம் வீடுகளுக்கு நடுவில் ஓட வேண்டும்: காளவாசல், பைபாஸ் ரோடு, பழங்காநத்தம், வில்லாபுரம், தெப்பக்குளம், குருவிக்காரன் சாலைப் பாலம், அண்ணா நகர், மாட்டுத்தாவணி என்பது போல. இது என் ஆசைத் தடம், உங்கள் தரவு வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். ஆனால் 15 நிமிஷத்துக்கு ஒன்றாவது விட முடியாது என்றால் குறுக்குத் தடத்தைத் தொடங்கவே வேண்டாம், மாறி ஏறும் இடத்தில் அரை மணி காத்திருக்க யாரும் தயாரில்லை. 2004இல் சியோல், 2012இலிருந்து 2018 வரை பார்சிலோனா, 2015இல் ஹூஸ்டன், மூன்று ஊரும் பஸ் தடங்களை அடியோடு மாற்றிப் போட்டன. பார்சிலோனா குறுக்கும் நெடுக்குமாக 28 தடம் போட்டது. மாறி ஏறச் சொல்கிறவர், அடிக்கடி வண்டி விட்டாக வேண்டும்.

போட்ட தடம் தேறுமா

பழைய வலையையும் உங்கள் புது வலையையும் ஒப்பிட ஒரே கேள்விதான்: இந்த வீட்டிலிருந்து 45 நிமிஷத்தில் எங்கெல்லாம் போய்ச் சேர முடியும்? நடந்து போவது, காத்திருப்பு, பயணம், மாறி ஏறுவது எல்லாம் சேர்த்து. பஸ் நேரத் தரவுக்கான ஜி.டி.எஃப்.எஸ். என்ற வடிவத்தில் ஸ்டாப், தடம், நடை, நேரம், நாள்காட்டி என்று தனித்தனிக் கோப்பாக எழுதினால், ஓப்பன்ட்ரிப்பிளானர் போன்ற இலவச மென்பொருள் இதைக் கணக்கிட்டுத் தரும். அவ்வளவு தூரம் போக நேரமில்லை என்றால் சாதாரண ஸ்பிரெட்ஷீட் போதும். பத்து குடியிருப்பு, ஆறு போகுமிடம், 60 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் நடந்து போகும் நிமிஷம், இடைவெளியில் பாதி, ஓடும் நேரம், மாறினால் அடுத்த இடைவெளியில் பாதி. காத்திருக்கும் நிமிஷத்தை இரண்டு மடங்காக எண்ணுவது வழக்கம், ஸ்டாப்பில் நிற்கும் 10 நிமிஷம் ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்த 10 நிமிஷம் மாதிரி இருப்பதில்லை.

சில கட்டங்கள் பழையதைவிட மோசமாக வரும், கட்டாயம் வரும். அதை ஒளிக்காதீர்கள். நேராக ஏறி நேராக இறங்கிய ஒரு பாட்டிக்கு இப்போது ஒரு மாற்றம் கூடியிருக்கும். எல்லா வண்டியையும் கூட்டம் உள்ள சாலைக்கே கொடுத்துவிட முடியாது என்பதால், மொத்த வண்டியில் இத்தனை பங்கு ஆள் குறைந்த ஊர்களுக்கு என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மீதியில் கணக்குப் போடுங்கள். அந்தப் பங்கு எவ்வளவு என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது, மக்கள் பிரதிநிதிகள்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாள்காட்டிக் கோப்பில் சித்திரைத் திருவிழாவுக்குத் தனி நாட்கள் போட மறக்க வேண்டாம். மாசி வீதியில் தேர், அப்புறம் அழகர் மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் வழியாக ஆற்றுக்கு வருகிறார், அழகர்கோவில் ரோட்டுத் தடம் எல்லாம் அந்த நாட்களில் வேறு வரைபடம். தை தெப்பத்துக்குக் காமராஜர் சாலைப் பக்கம் இதே போல.

கடைசியாக, வண்டி திரும்ப இடம் இருக்கிறதா பாருங்கள். திரையில் கோடு எங்கே வேண்டுமானாலும் முடியும், 12 மீட்டர் நீளப் பஸ் ஒரே வீச்சில் திரும்ப 25 மீட்டர் அகலமாவது தேவை. செயற்கைக்கோள் படத்தின் மேல் 25 மீட்டர் வட்டத்தை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு கடைசி ஸ்டாப்பிலும் வைத்துப் பாருங்கள், டீக்கடையும் டிரான்ஸ்ஃபார்மரும் அதற்குள் வந்தால் தடத்தை அடுத்த சந்திப்புக்கு நீட்டவோ குறைக்கவோ வேண்டியதுதான். இடம் கிடைத்தால் அந்த லேயரின் அட்டவணையில் இன்னொரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள், டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அங்கே கழிப்பறை உண்டா இல்லையா என்று. முனையில் 10 நிமிஷம் என்று நாம் எழுதியது அதையும் சேர்த்துத்தான்.